எட்டு மாதமாக எங்கள் சுவரில் தொங்கும் ரஷ்யா

ரஷ்யாவையும் அதன் அண்டை நாடுகளையும் காட்டும் பெரிய சுவர்ப்படம் ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்மவர்கள் இன்றும் கிரே தெரு என்றே சொல்லும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பள்ளிக்கூடச் சாமான்களும் நிலப்படங்களும் விற்கும் பழைய கடையில் வாங்கினேன். விலை 640 ராண்ட். அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் ஒரு மீட்டர். வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்காகவும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

படம் வீட்டுக்கு வாங்கியதல்ல. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் தமிழ் வகுப்பு நடத்தும் கூடத்துக்கு வாங்கியது. பிள்ளைகள் எழுதி முடித்து விளையாடப் போன பிறகு, அவர்களைக் கூட்டி வந்த பெரியவர்கள் தேநீர் குடித்தபடி நாட்டு நடப்பு பேசுவார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்ததிலிருந்து எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அது ரஷ்யாவில் போய்த்தான் நிற்கிறது. தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டத்தில் நமக்குத் தோள் கொடுத்த நாடு என்பார் ஒருவர். வலியவன் எளியவனை அடிக்கிறான், இதில் பேச என்ன இருக்கிறது என்பார் இன்னொருவர். குரல்கள் உயரும். ஆனால் கிரிமியா எங்கே இருக்கிறது, கலினின்கிராட் ஏன் ரஷ்யாவிலிருந்து தனியே விலகிக் கிடக்கிறது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட ஆள் கிடையாது.

நான் தூத்துக்குடிக்காரன். 1998இல் இங்கே வந்து, துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அலுவலகத்தில் 24 ஆண்டுகள் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரித்தேன். ஆரஞ்சும் எலுமிச்சையும் ஏற்றிய குளிர்பதனக் கண்டெய்னர்கள் பருவத்துக்குப் பருவம் சென்ட் பீட்டர்ஸ்பர்க் துறைமுகத்துக்குப் போகும். அந்த ஊரின் பெயரை என் கையால் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ! 2022 மார்ச் தொடக்கத்தில் பெரிய கப்பல் நிறுவனங்கள் வரிசையாக ரஷ்யாவுக்கான முன்பதிவை நிறுத்தின. பழம் பறிக்கக் காத்திருந்த தோட்டக்காரர்கள் தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டுக் கடைசியில் ஓய்வு பெற்றேன். அந்தக் கேள்விகள் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன.

முதலில் பொருளின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். தாள் கனமானது. இரு பக்கமும் பிளாஸ்டிக் உறை ஒட்டி, மேலும் கீழும் மரச்சட்டம் பொருத்தி வருகிறது. டர்பன் புழுக்கத்துக்கு உறையில்லாத தாள் மூன்று மாதம் தாங்காது. இந்தப் படம் தைக் காவடிக் காலத்து ஈரத்தையும் கடந்து நிமிர்ந்தே நிற்கிறது. வலது கீழ் ஓரத்தில் மட்டும் உறை ஒரு விரல் அகலத்துக்குப் பிரிந்தது. மேலே மெல்லிய துணியைப் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதும் ஒட்டிக்கொண்டது. குழல்விளக்குக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். பளபளப்பில் சைபீரியா முழுவதும் ஒரே வெள்ளைக் கோடாகிவிடும். எழுத்துகள் சிறியவை, அதிலும் காகசஸ் பக்கத்து ஊர்ப் பெயர்களை எங்கள் பெரியவர்களால் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. பெயர்கள் ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் இருக்கின்றன. மூத்த மாணவிகள் இருவர் நாற்பது ஊர்களின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டித் தந்தார்கள்.

கடைக்காரரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நான் முதலில் கையில் எடுத்தது 280 ராண்ட் விலையில், நாடுகளுக்கு நிறம் மட்டும் பூசிய படம். அவர்தான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மேடு பள்ளங்களை நிழலிட்டுக் காட்டும் இந்தப் படத்தை மேசையில் விரித்தார். ரஷ்யாவைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும், நிறத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். விலை அதிகமுள்ளதைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். அது தவறு என்று முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது.

படத்துக்கு முன்னால் நின்று கையை மேற்கே ஜெர்மனியில் வையுங்கள். அப்படியே கிழக்கே நகர்த்துங்கள். போலந்து, பெலாரஸ், மாஸ்கோ, இன்னும் தள்ளி யூரல் மலை வரைக்கும் ஒரே பச்சை. கையைத் தடுத்து நிறுத்த இடையில் ஒரு மலை கிடையாது. மேற்கிலிருந்து வந்த படைகள் இந்தச் சமவெளியில்தான் நடந்து வந்தன. 1812இல் நெப்போலியன், 1941 ஜூன் 22இல் ஹிட்லர். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாடு பறிகொடுத்த உயிர்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர் லெனின்கிராடு; அந்த நகரத்தின் முற்றுகை மட்டும் 872 நாள் நீடித்தது. பட்டினியால் தெருவில் விழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த நாட்டில் வாக்களிக்கும் வயதில் இருக்கிறார்கள். எல்லையை முடிந்த அளவு தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அச்சம் அங்கே மேலிருந்து புகட்டியது மட்டுமல்ல. வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைப் பொய் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது கடல். துறைமுகத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவனுக்கு இந்தப் படத்தில் கண் போய் நிற்கும் இடம் அதுதான். 14 நாடுகளோடு நில எல்லை, 11 நேர மண்டலங்கள், 1 கோடியே 71 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. இவ்வளவு பெரிய நாட்டுக்குத் தடையில்லாமல் கப்பல் விட ஒரு நல்ல வாசல் அமையவில்லை. சென்ட் பீட்டர்ஸ்பர்க் இருக்கும் வளைகுடா குளிர்காலத்தில் உறைகிறது. அங்கிருந்து வெளியே வர டென்மார்க்கை ஒட்டிய குறுகிய நீர்ப்பாதையைத் தாண்ட வேண்டும். கருங்கடலிலிருந்து வெளியேற இஸ்தான்புல் நகரத்தின் நடுவே ஓடும் பாஸ்பரஸ் நீரிணை. 1936ஆம் ஆண்டு மாண்ட்ரூ உடன்படிக்கைப்படி அதன் சாவி துருக்கியின் இடுப்பில் இருக்கிறது. 2022இல் போர் தொடங்கியதும் துருக்கி போர்க்கப்பல்களுக்கு அந்த வாசலை மூடியது. வடக்கே மூர்மன்ஸ்க், வெந்நீரோட்டத்தின் தயவால் உறையாமல் இருக்கிறது. கிழக்கே விளாடிவோஸ்டாக், மாஸ்கோவிலிருந்து ரயிலில் 9,289 கிலோமீட்டர்.

மூலையில் இருக்கும் சிறிய உலகப் படத்தைக் கொண்டு, 1904ஆம் ஆண்டுக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஜப்பானோடு போர். கருங்கடல் கப்பற்படையை நீரிணை உடன்படிக்கைகள் கட்டிப்போட்டிருந்தன. ஆகவே பால்டிக் கடலில் இருந்த கப்பல்களை அந்த அக்டோபரில் அனுப்பினார்கள். பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்காவை முழுவதும் சுற்றி, நன்னம்பிக்கை முனையைத் தாண்டி, நம் கிழக்குக் கடலைக் கடந்து மடகாஸ்கர் போய்ச் சேர்ந்தன. நம் முன்னோர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏழு மாதம் பயணம் செய்து, 1905 மே மாதம் சூஷிமா நீரிணைக்குப் போன அந்தப் படை அங்கே அழிந்தது. ஏறக்குறைய 5,000 மாலுமிகள் மாண்டார்கள். ஒரு பையன் நூலை எடுத்து அந்த வழி முழுவதும் வைத்துப் பார்த்தான். நூல் போதவில்லை.

இந்த அளவுக்கு ஒரு படம் கற்றுத்தருமானால் 640 ராண்ட் தகும்.

இனி என் சண்டைக்கு வருகிறேன். படத்தின் இடது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விளக்கக் கட்டுரை அச்சிட்டிருக்கிறார்கள். ரஷ்யாவின் வெளியுறவுக் கொள்கையை வகுப்பது அதன் நிலம்தான், மாஸ்கோவில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார் என்பது அதன் சாரம். படித்ததும் எங்கள் கூடத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். சமவெளியும் மூடிய கடலும் கண் முன்னால் இருக்கும்போது அது நம்பத் தோன்றுகிறது. எனக்கும் இரண்டு வாரம் அப்படித்தான் தோன்றியது. பிறகு நூலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன்.

படத்தின் அளவு, ஒரு சென்டிமீட்டருக்கு 80 கிலோமீட்டர். பின்லாந்தோடு ரஷ்யாவுக்கு இருக்கும் எல்லை 1,340 கிலோமீட்டர். படத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்கா தலைமையிலான நேட்டோ படைக் கூட்டணி பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லி 2022 பிப்ரவரி 24இல் போர் தொடங்கினார்கள். அதன் விளைவாக, அதுவரை ஒதுங்கியிருந்த பின்லாந்து 2023 ஏப்ரல் 4இல் நேட்டோவில் சேர்ந்தது. அடுத்த மார்ச்சில் ஸ்வீடனும் சேர்ந்தது. நேட்டோவோடு ரஷ்யாவுக்கு இருந்த நில எல்லை இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டது. எல்லைக்கு அப்பால் நேட்டோ நிற்பது உயிர்ப் பிரச்சினை என்றால் அந்தச் சாண் நீள எல்லையில் படைகளைக் குவித்திருக்க வேண்டும். அங்கிருந்த துருப்புகளில் பெரும் பகுதியை ரஷ்யா உக்ரைன் போருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டதாகப் பின்லாந்து தரப்பே சொல்லியிருக்கிறது. எஸ்டோனியா 2004 முதல் நேட்டோவில் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து சென்ட் பீட்டர்ஸ்பர்க் படத்தில் ஒரு பெருவிரல் அகலம். அதன் மேல் போர் தொடுக்கவில்லை.

துறைமுகக் கணக்கும் அப்படித்தான். உக்ரைனின் கிரிமியாவில் இருக்கும் செவஸ்டோபோல் துறைமுகம் இல்லாவிட்டால் ரஷ்யாவுக்குக் கருங்கடல் இல்லை என்கிறது கட்டுரை. ரஷ்யாவின் சொந்தக் கரையிலேயே நோவோரோசிஸ்க் என்ற பெரிய துறைமுகம் இருக்கிறது. இந்தப் படத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. செவஸ்டோபோலையும் 2042 வரை குத்தகைக்குத் தர உக்ரைன் 2010இல் ஒப்பந்தம் போட்டிருந்தது. துறைமுகம் கையில்தான் இருந்தது. அதைத் தங்கள் நிலமாகவே ஆக்கிக்கொள்ள 2014 மார்ச்சில் கிரிமியாவை எடுத்தார்கள். 2022க்குப் பிறகு உக்ரைனின் ஏவுகணைகளும் ஆளில்லாப் படகுகளும் துரத்த, அந்தக் கப்பற்படையின் பெரும் பகுதி நோவோரோசிஸ்குக்கே போய் ஒதுங்கியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிலம் மாறவே இல்லை, ஆட்கள் மாறியிருக்கிறார்கள். இதே சமவெளியை வைத்துக்கொண்டு சோவியத் தலைவர் கோர்பச்சேவ் 1989இல் கிழக்கு ஐரோப்பாவைத் தன் வழியே போக விட்டார். இதே கடல்களை வைத்துக்கொண்டு ரஷ்ய அதிபர் யெல்ட்சின் 1997இல் உக்ரைனோடு நட்புறவு ஒப்பந்தம் போட்டு அதன் எல்லைகளை ஏற்றார். அதற்கு முன்பே, 1994 டிசம்பரில் புடாபெஸ்டில், உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களைக் கைவிட்டதற்கு ஈடாக அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திட்டன. புதினே 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அதிபரை முதலில் தொலைபேசியில் அழைத்த தலைவர். மத்திய ஆசியாவில் அமெரிக்கப் படை தங்குவதற்கும் குறுக்கே நிற்கவில்லை. நிலம் எழுதிய விதி என்றால் இத்தனை வேறு வேறு தீர்ப்புகள் எப்படி வந்தன?

மேற்குலகம் செய்ததையும் நான் மறைக்க மாட்டேன். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. மக்களின் சேமிப்பு கரைந்தது. அடுத்த மார்ச்சில் நேட்டோ, ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஒப்புதல் இல்லாமல் யுகோஸ்லாவியாவைக் குண்டுவீசித் தாக்கத் தொடங்கியது. அப்போது வாஷிங்டனுக்குப் போய்க்கொண்டிருந்த ரஷ்யப் பிரதமர் பிரிமகோவ், அட்லாண்டிக் கடலுக்கு மேலே விமானத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் திரும்பினார். ஒரு காலத்தில் உலகத்தின் பாதியை நடுங்க வைத்த நாட்டை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அவமானம் உண்மை. 2007இல் முனிச் மாநாட்டில் புதின் அமெரிக்காவைக் கண்டித்துப் பேசியபோது வளரும் நாடுகளில் பலர் உள்ளூர மகிழ்ந்ததும் உண்மை. 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் என்றாவது ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று நேட்டோ அறிவித்தது; தேதியும் தரவில்லை, பாதுகாப்பும் தரவில்லை. நான்கு மாதத்தில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஐந்து நாள் போர் நடந்தது.

ஆனால் இவை எதுவும் இந்தப் படத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. சுவர்ப்படம் மலையைக் காட்டும், ஒரு அரசு தன் சொந்த மக்களைக் கண்டு அஞ்சுவதைக் காட்டாது. 2011 டிசம்பரில் தேர்தல் முறைகேட்டை எதிர்த்து மாஸ்கோவில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். 2013இன் கடைசியில் உக்ரைன் தலைநகர் கீவின் சதுக்கத்தில் கூடியவர்கள் மூன்றே மாதத்தில் தங்கள் அதிபரை ஓட வைத்தார்கள். மாஸ்கோவிலிருந்து உக்ரைன் எல்லை படத்தில் மூன்று விரல் அகலம். மொழி நெருக்கம், கோயில் நெருக்கம், குடும்ப நெருக்கம் எல்லாம் உள்ள பக்கத்து வீட்டில் ஆட்சியைத் தெருவில் நின்று மாற்ற முடியும் என்றால், அந்தப் பழக்கம் தன் வீட்டுக்கும் வரும் என்ற அச்சம்தான் நேட்டோ அச்சத்தைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன். 2021 ஜூலையில் புதின் எழுதிய கட்டுரையில் ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்றார். ஒரே மக்கள் என்று சொல்லிவிட்ட பிறகு அவர்களுக்குத் தனி எல்லை எதற்கு?

முடிவெடுப்பவர் யார் என்பதைக் காட்டிய காட்சி ஒன்று உண்டு. 2022 பிப்ரவரி 21, மாஸ்கோவில் பாதுகாப்புக் குழுக் கூட்டம். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். பெரிய மண்டபத்தின் ஒரு பக்கம் புதின் தனியாக மேசையில். வெகுதூரம் தள்ளி மற்றவர்கள் நாற்காலிகளில். ஒவ்வொருவராக எழுந்து வந்து கருத்துச் சொன்னார்கள். வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் நாரிஷ்கின் நா தடுமாறினார். தெளிவாகப் பேசுங்கள் என்று புதின் திருத்தினார். அடுத்த மூன்றாம் நாள் படை நகர்ந்தது. அந்த மண்டபத்தில் யூரல் மலையும் பாஸ்பரஸ் நீரிணையுமா பேசின?

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படம் 2021 பதிப்பு; வாங்கும்போது கடையில் சொல்லவில்லை. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நேட்டோவின் நீலத்தை நானே வண்ணப் பேனாவால் பூசினேன். குழாய்வழிகளைக் காட்டும் சிறிய படத்தில், பால்டிக் கடலுக்கு அடியில் ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுபோகும் குழாய்கள் முழுதாக இருக்கின்றன; அந்த நான்கில் மூன்று 2022 செப்டம்பரில் வெடித்துச் சிதறின. உக்ரைன் வழியாகப் போன எரிவாயுவும் 2025 புத்தாண்டு நாளோடு நின்றது. சிரியாவின் டார்டூஸ் கடற்படைத் தளம் ஒரு நங்கூரக் குறியோடு இருக்கிறது. அதைக் காத்துத் தந்த சிரிய அதிபர் அசாத் 2024 டிசம்பரில் மாஸ்கோவுக்கே ஓடிவிட்டார். சீனாவோடு 4,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லை, சைபீரிய எரிவாயு இப்போது பாயும் திசை, ரஷ்ய எண்ணெயில் இந்தியாவின் பங்கு ஏறிய வேகம் எல்லாவற்றுக்கும் வேறு படம் வேண்டும். போர் மூண்ட பிறகு ரஷ்யாவின் வெளியுறவு கிழக்கும் தெற்குமாகத் திரும்பிவிட்டது. இந்தப் படம் இன்னும் மேற்கையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்களுக்குப் பெரிய குறை, மூலையிலுள்ள சிறிய உலகப் படத்தைத் தவிர ஆப்பிரிக்கா இதில் இல்லாதது. ரஷ்யாவின் கை எங்கள் வரைக்கும் நீண்டிருக்கிறது. 2013 மார்ச்சில், பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா கூடும் பிரிக்ஸ் மாநாட்டுக்குப் புதின் இதே டர்பனுக்கு வந்தார். அடுத்த ஆண்டு அணுமின் நிலையங்கள் கட்ட ரஷ்யாவோடு போட்ட உடன்படிக்கையைக் கேப்டவுன் உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரலில் செல்லாது என்றது. சுற்றுச்சூழலுக்கும் சமயத்துக்குமான இரண்டு சிறிய அமைப்புகள் தொடுத்த வழக்கு அது. ஒரு நாட்டோடு அறுபது ஆண்டுக்குக் கட்டிப்போடும் உறவு அணு உலை. குண்டைவிட அமைதியாக வேலை செய்யும் வெளியுறவுக் கருவி. 2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 141 நாடுகள் போரைக் கண்டித்தபோது, விலகி நின்ற 35 நாடுகளில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இருந்தன. 2023 பிப்ரவரியில், போரின் முதலாண்டு நிறைவு நாளையும் உள்ளடக்கி, டர்பனுக்கும் ரிச்சர்ட்ஸ் பேக்கும் வெளியே கடலில் ரஷ்யாவோடும் சீனாவோடும் கூட்டுப் பயிற்சி நடந்தது. அன்று கடற்கரைக்குப் போய் வெகுநேரம் நின்றிருந்தேன். அடுத்த மாதம் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. அதனால் ஆகஸ்டில் ஜோஹன்னஸ்பர்க் பிரிக்ஸ் மாநாட்டுக்குப் புதின் வரவில்லை, வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் வந்தார்.

இதையெல்லாம் நான் சொல்லும்போது எதிர்த்துப் பேசுகிறவர் எங்கள் அண்ணாச்சி. எண்பது தாண்டியவர். 1973 டர்பன் வேலைநிறுத்தத்தில் நெசவாலையிலிருந்து வெளியே நடந்தவர்களில் ஒருவர். அவருடைய பெரியம்மா மகன் அறுபதுகளில் நாட்டைவிட்டு மறைந்து வெளியேறி, தார் எஸ் சலாம் வழியாகச் சோவியத் நாட்டுக்குப் போய் ஆயுதப் பயிற்சி பெற்றவர். திரும்பி வரவே இல்லை. நாடு மாறிய பிறகு அவரோடு இருந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்த புகைப்படம் ஒன்று அண்ணாச்சியிடம் இருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

“பார் தம்பி. ரஷ்யாவில் எடுத்த படம். வெள்ளைக்காரன் நம்மை நாயாக நடத்தியபோது அவர்களை உட்கார வைத்துச் சோறு போட்ட நாடு. அதைப் பற்றி நீ இப்படிப் பேசலாமா?”

கறுப்பு வெள்ளைப் படம், ஓரம் மடிந்திருந்தது. தடித்த மேலங்கி அணிந்த நான்கு இளைஞர்கள். பின்னால் மிக அகலமான கல் படிக்கட்டு, மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகிறது. படத்தின் பின்புறம் நீல மையில் ஒரே ஒரு சொல். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒடேசா.

“அண்ணாச்சி, வாருங்கள்” என்று கையைப் பிடித்துச் சுவரருகே கூட்டிக்கொண்டு போனேன். கருங்கடலின் வடமேற்கு மூலையில், மாணவிகள் ஒட்டிய தமிழ்ச் சீட்டைக் காட்டினேன். அந்த 192 படிகளும் இறங்குவது ஒடேசா துறைமுகத்துக்குத்தான். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் வீரர்கள் அறுபதுகளில் பயிற்சி பெற்ற ஊர். இன்னொரு பயிற்சி முகாம் கிரிமியாவில், பெரெவால்னே என்ற ஊரில் இருந்தது.

“இது உக்ரைன் அல்லவா?” என்றார்.

“ஆமாம் அண்ணாச்சி.”

“அந்தக் காலத்தில் எல்லாம் ஒன்றுதானே?”

“ஒன்றுதான். அனுப்பியதும் செலவு செய்ததும் மாஸ்கோ; அதை நான் மறுக்கவில்லை. சோறு போட்ட ஊர் இது.”

பிறகு கேட்டார், நான் சொன்னேன். 2022 ஜூலை 22இல் தானியக் கப்பல்கள் போக வழிவிடுகிறோம் என்று ரஷ்யா கையெழுத்திட்டது. மறுநாளே அந்தத் துறைமுகத்தில் ஏவுகணைகள் விழுந்தன. 2014 மார்ச்சில் பெரெவால்னே முகாமைச் சின்னம் அணியாத ரஷ்யப் படையினர் சுற்றி வளைத்தார்கள். அண்ணாச்சி அந்தச் சீட்டின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

“ஐக்கிய நாடுகள் சபையில் கேட்டபோது நாம் என்ன சொன்னோம், தம்பி?”

“ஒன்றும் சொல்லவில்லை. விலகி நின்றோம்.”

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மறு ஞாயிறு வழக்கத்தைவிட முன்னதாக வந்து, அந்தப் புகைப்படத்தின் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்து, சுவர்ப்படத்தின் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்.

வாங்க நினைப்பவர்களுக்கு. தமிழ் வகுப்பு, நூலகம், சங்கக் கூடம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். வீட்டுக்கு இது பெரிது. வரவேற்பறைச் சுவர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பதிப்பு ஆண்டைக் கேட்டு வாங்குங்கள். அட்டைக் குழாய் பஸ்ஸில் நசுங்கும், எனக்கு நசுங்கியது. வண்டி வைத்திருக்கும் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவது நல்லது. மூலைக் கட்டுரையைப் பிள்ளைகள் படிக்கட்டும். பக்கத்திலேயே நூலும் அளவுகோலும் தொங்கவிடுங்கள்.

மாட்டும் உயரத்தையும் கவனியுங்கள். நான் முதலில் நின்று பார்க்கிறவர்களின் கண் அளவுக்கு மாட்டியிருந்தேன். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி, அதிக நேரம் நிற்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கருங்கடல் தெரிய வேண்டும் என்றார். ஆணியை ஒரு முழம் கீழே இறக்கி அடித்திருக்கிறேன்.